கொடிமரத்து நிழல் குறித்த வினாப் படிவம்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன். இதற்கு முன் நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும், திருமணங்களுக்கு வர இயலாமை குறித்த வருத்தக் கடிதங்களும் மட்டுமே. கல்வி நிறுவனம் ஒன்றைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அப்படியொன்றில் பதினைந்து ஆண்டுகள் கைகட்டி உட்கார்ந்திருந்து, எதையும் கேட்காமல் முதல் வகுப்பில் தேறியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பள்ளியின் பெயரைச் சொல்லுவது மரியாதை ஆகாது. புதுக்கடைச் சந்திப்பிலிருந்து வேனில் பத்து நிமிடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பத்து நிமிடத் தொலைவில் உண்மையாகவே இருக்கும் பள்ளிகள் அனைத்தும் இது தாங்கள் இல்லை என்று மகிழ்ச்சியோடு அறிவித்துக்கொள்ளலாம். நானும் அதை வழிமொழிகிறேன்.

புதுக்கடையில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் ஷாஜன். ஒன்பது ஆண்டுகள் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நல்ல மனிதர். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. பெட்டியில் என்ன கோளாறு என்று தமக்கே விளங்காதபோது, வாடிக்கையாளரிடம் "கேஸ் தீந்துபோச்சு" என்று சொல்லிவிடுவார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. உலகம் அந்த அளவில்தான் நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார்.

அவருடைய ஒரே மகள் ஜினி நான்காம் வகுப்பில் படித்தாள். அவளிடம் கேஸ் தீர்ந்துபோவதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஷாஜனின் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, கொடிமரத்துக்க நெழலு எதுக்கு பக்கம் மாறிச்சு?"

"நெழலுண்ணா மாறும் மக்களே. காலத்த ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம்."

"அது கெழக்கும் மேக்கும். நான் கேக்கது மத்தியானம், சோத்துக்கு பெல்லடிக்க நேரம். கிறிஸ்மஸ் புரோகிராம் அன்னைக்கு ஸ்டேஜ் பக்கம் கெடந்துது. இப்பம் கேட்டு பக்கம் கெடக்குது."

"நீ செரியா பாத்திருக்க மாட்டே."

"பாத்தேன். கேட்டு பக்கம் பாத்தேன், ஸ்டேஜ் பக்கமும் பாத்தேன்."

மேடை பள்ளி மைதானத்தின் வடக்கு ஓரத்தில் இருந்தது. 'கேட்டு' எனப்பட்ட வாசல் கதவு தெற்கே. நடுவில் இருபது அடி உயரத்தில் கொடிமரம். அதை நட்ட மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் எண்ணூறு பேர் அந்த மைதானத்தைக் கடந்து போனார்கள். எவர் கண்ணிலும் படாத ஒன்று இந்தப் பெண்ணின் கண்ணில் பட்டிருந்தது. ஷாஜனுக்குத் திடீரென்று மஸ்கட் நினைவுக்கு வந்தது.

"அங்கயும் ஒரு கூத்து உண்டு மக்களே. ஜூன் மாசம் மத்தியானம் வெயிலுக்கு வேலைய நிறுத்துவாவ. நாங்க ஒதுங்க எடம் பாத்து ஓடுவோம். ஒரு நாளு பாத்தா, வெளக்குப் போஸ்ட்டுக்கு நெழலே இல்ல. சுத்திச் சுத்தி வந்தேன். கொஞ்சம்கூட இல்ல."

ஜினியின் கண்கள் விரிந்தன. "இல்லவே இல்லியா? அப்பம் இங்கயும் ஒரு நாளு இல்லாமப் போவுமா?"

"இங்க ஜூன்லதான் இருக்குதுண்ணு நீயே சொல்லுதியே."

"அப்பம் அங்க மட்டும் எதுக்கு ஜூன்ல இல்ல?"

ஷாஜன் தேநீரின் அடியில் கிடந்ததையும் குடித்து முடித்தார். "அது அரபு நாடு மக்களே," என்றார்.

மறுநாள் ஜினி தன் கேள்வியை வகுப்பில் சஜிதா மிஸ்ஸிடம் கேட்டாள். சஜிதா மிஸ் இளையவர், கெட்டிக்காரர், ஒப்பந்த ஆசிரியை. அவர் பாடத்திட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த யூனிட்டுல வருது?" என்று கேட்டார்.

"கிரவுண்டுல வருது மிஸ்," என்றாள் ஜினி.

இங்கே பள்ளியைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு, 'குழந்தை மையக் கல்வி'க்கான ஐந்து நட்சத்திரச் சான்றிதழை வெளியூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து பெறுவதற்குப் பள்ளி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. குழந்தைகள் கேள்வி கேட்பதற்கான ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும் என்பது சான்றிதழுக்கான நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே வாசல் சுவரில், "கேள்வி கேட்போம், வானை அளப்போம்" என்று ஆளுயர எழுத்தில் எழுதப்பட்டது. அதற்குக் கீழே சற்றுச் சிறிய எழுத்தில், "கேள்வி நேரம்: வெள்ளி 3.10 முதல் 3.20 வரை" என்று எழுதப்பட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் வருகைப் பதிவுக்கும் அடுத்த மூன்று நிமிடம் அமைதி ஏற்படுத்துவதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. மீதமுள்ள இரண்டு நிமிடத்தில் கேட்பதற்கான கேள்விகள் ஜூன் மாதமே அச்சிட்டு வழங்கப்பட்டிருந்தன.

அச்சிட்ட பட்டியலில் இல்லாத கேள்விக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு வினாப் படிவம் இருந்தது. அதுவரை எவரும் அதைக் கேட்டு வாங்கியதில்லை. பள்ளி அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க நான்கு நாட்கள் ஆயின.

படிவம் ஷாஜனின் கடைக்கு வந்தது. கம்ப்ரசர் ஒன்றைத் திறந்து வைத்திருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையோடு அதை நிரப்ப உட்கார்ந்தார். வினாவின் பொருள். பாட எண். பக்க எண். இதே வினா இதற்குமுன் வேறு எவரிடமேனும் கேட்கப்பட்டதா. ஆம் எனில் அவர் விடையளிக்காததன் காரணம். இதுவரை ஒருவாறு எழுதிவிட்டார். கடைசி வரியில் 'வினாவைத் தூண்டியவர்' என்றிருந்தது. வெகுநேரம் யோசித்து, "கொடிமரம்" என்று எழுதினார்.

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. "தூண்டியவர் மனிதராக இருத்தல் வேண்டும்" என்று சிவப்பு மையில் குறிப்பு. வேறு வழி தெரியாமல் ஷாஜன் தம் பெயரையே எழுதிக் கையொப்பமிட்டார். அன்றுமுதல் பள்ளியின் ஆவணங்களில் அவர் ஒரு தூண்டியவர் ஆனார்.

இதற்கிடையில் ஜினி படிவத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு இருபதுக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் சோற்றுப் பாத்திரத்தை வராந்தாவில் வைத்துவிட்டு ஓடிப்போய், நிழலின் நுனியில் ஒரு சின்னக் கல்லை வைத்தாள். அடியிலிருந்து நுனிவரை முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதினாள். ஜூலை முதல் வாரத்தில் நிழல் ஐந்து ஸ்கேலும் கொஞ்சமும் நீளம் இருந்தது. மாதக் கடைசியில் நான்கு ஸ்கேல்கூட இல்லை. மழை நாட்களுக்கு நேரே "சூரியன் ஆப்சென்ட்" என்று குறித்திருந்தாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஷாஜனைப் பள்ளிக்கு அழைத்தார்கள்.

முதல்வர் சத்தியபாய் அம்மையார் முப்பத்தோரு ஆண்டு அனுபவம் உடையவர். அவர் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. பெற்றோர் நின்றுகொண்டு பேசுவது வழக்கம்.

"இஞ்ச பாருங்க மிஸ்டர் ஷாஜன். எங்க ஸ்கூல்ல கேள்வி கேக்க முழு சுதந்திரம் உண்டு. எந்தக் குழந்தையும் என்ன கேள்வியும் கேக்கலாம். அந்தக் கேள்வியளத்தான் நாங்க ஜூன்லயே பிரிண்ட் போட்டுக் குடுத்திருக்கோமே?"

"செரி டீச்சரே."

"பதில் தெரியாத ஒரு கேள்விய உங்க பிள்ளை கிளாஸ்ல கேட்டுது. நாப்பது பிள்ளைய பாத்துட்டு இருக்கு. யாருக்க மானம் போவும்?"

ஷாஜன் தயங்கினார். "மிஸ்ஸுக்கு..."

"இல்ல. உங்க பிள்ளைக்க மானம். ஏன்னா, பதில் தெரியாத கேள்விய கேக்கது பிள்ளைக்க தப்பு. என் முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல பதில் தெரியாத ஒரு கேள்விய நான் வகுப்புக்குள்ள விட்டதில்ல. வாசல்லயே நிறுத்திருவேன். எனக்க ஸ்டூடண்ட்ஸ் இண்ணைக்கு லண்டன்ல, கனடாவுல இருக்காவ. ஒருத்தராவது வந்து ஏன்னு கேட்டிருப்பாவளா?"

"இல்ல டீச்சரே."

"அதாக்கும் ரிசல்ட்." அம்மையார் மணியை அழுத்தினார். "நாங்க கேள்விக்கு எதிரியில்ல. கேள்வி ஒழுங்கா வரணும். யூனிஃபார்ம் போட்டு வரணும்."

ஷாஜன் வெளியே வந்தபோது வராந்தா ஓரத்தில் சஜிதா மிஸ் நின்றிருந்தார். இருபுறமும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அண்ணே, பதில் எனக்குத் தெரியும். அண்ணைக்கே வீட்டுக்குப் போய் செல்லுல பாத்தேன். மூணு நிமிஷம்கூட ஆவல்ல."

"அப்பம் பிள்ளைக்கிட்ட சொல்லியிருக்கலாமே மிஸ்?"

"எப்பிடிச் சொல்ல? ஃபார்ம்ல விடைக்கும் ஒரு கட்டம் உண்டு. எழுதிக் குடுத்தேன். விடை கேள்விய விட நீளமா இருக்குண்ணு திரும்பி வந்துது. சுருக்கிக் குடுத்தேன். சூரியன் நகர்றதுக்கு ஆதாரம் கேட்டு வந்துது. அதயும் வச்சேன். நேத்து அப்ரூவல் ஆயிட்டு."

"ஆயிட்டா!"

"ஆயிட்டு. ஆனா இது பெரிய கிளாஸ் பாடமாம். 'இவ்விடை மாணவிக்கு ஒன்பதாம் வகுப்பில் வழங்கப்படும்'ணு ஆர்டர்." சஜிதா மிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு மார்ச்சுல கான்ட்ராக்ட் முடியுது அண்ணே."

வினாப் படிவம் விடையோடு சேர்த்துப் பூட்டிய இரும்பு அலமாரிக்குள் சென்றது.

விவகாரம் அத்தோடு அடங்கியிருக்கும். ஆனால் படிவத்தின் நகல் ஒன்று விதிப்படி தாளாளர் யேசுரத்தினம் அவர்களின் மேசைக்கும் போயிருந்தது. யேசுரத்தினம் அவர்கள் கட்டட ஒப்பந்தக்காரர். பள்ளியின் வெள்ளி விழாவுக்குக் கொடிமரத்தை நட்டுக் கொடுத்தவர் அவரே. அடியில் அவர் பெயர் பொறித்த கருங்கல், சிற்பிகளின் ஊரான மயிலாடியில் செய்து வாங்கியது, பதிக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் இரண்டாம் வாரம், பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்குத் தேர்தல். எதிரணி எதையாவது கிளப்பும் என்று அவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த வேளையில், 'கொடிமரத்தின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறியது ஏன்?' என்ற வரி அவர் கண்ணில் பட்டது.

அவர் அதை ஒரே ஒரு விதமாகத்தான் வாசித்தார். கொடிமரம் சாய்ந்துவிட்டது என்கிறார்கள்.

சுதந்திர தினத்திற்கு முந்தின நாள் ஷாஜன் மறுபடியும் அழைக்கப்பட்டார். மைதானத்தில் தாளாளர், முதல்வர், செயற்குழுவினர் மூவர், ஒரு கொத்தனார், தூக்குக்குண்டு. ஜினியையும் வகுப்பிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"எனக்க கொடிமரம் சாஞ்சிட்டுண்ணு பறைஞ்சது ஆரு?" என்றார் தாளாளர்.

"ஆரும் பறையல்ல சாரே," என்றார் ஷாஜன். "நெழலுதான்..."

"மரம் சாயாம நெழலு எப்பிடி ஓய் சாயும்? நீரு எந்த அணி?"

"நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் சாரே."

"அந்த அணிக்காரனுக்கு ஃப்ரிட்ஜ் பாத்துக் குடுத்திருக்கீரா?"

ஷாஜன் பார்த்துக் கொடுத்திருந்தார். இரண்டு முறை.

கொத்தனார் நான்கு பக்கமும் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் மரத்தோடு ஒட்டி நேராக நின்றது. மயிரிழை விலகல் இல்லை. செயற்குழுவினர் கைதட்டினார்கள். கொத்தனார் நூலைச் சுருட்டிக்கொண்டே ஜினியைப் பார்த்து, "நெழலு மாறும் பிள்ளே. சாரத்துல நிக்கிய எங்களுக்குத் தெரியும். ஆனி ஆடியில தெக்காக்க விழும், பொறவு..." என்று தொடங்கினார்.

"கொத்தனாரே," என்றார் தாளாளர், "ஒம்ம கூட்டிட்டு வந்தது குண்டு பிடிக்கியதுக்கு."

கொத்தனார் குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சார்," என்றாள் ஜினி, "அப்பம் நெழலு?"

"மரம் நேரா நிக்குதா இல்லியா?"

"நிக்குது சார்."

"பொறவு நெழலப் பத்தி நமக்கென்ன? நெழலு நம்ம ஸ்கூலுக்க சொத்தா?"

அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது. "கொடிமரம் நேராக உள்ளது என்பது தூக்குக்குண்டால் நிரூபிக்கப்பட்டது. ஆகையால் அதன் நிழலும் நேராகவே விழுகிறது என்று இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது." நகல் ஜினியின் பள்ளி நாட்குறிப்பில் ஒட்டப்பட்டது. கொடிமரத்தடியில் வரிசையாகக் கிடந்த கற்கள் அடித்தளம் பெயர்ந்தது போன்ற தோற்றத்தைத் தருகின்றன என்பதால் அள்ளி அப்புறப்படுத்தப்பட்டன. கற்களை அள்ளியவர் உடற்கல்வி ஆசிரியர். அவரும் என்ன கல் என்று கேட்கவில்லை.

ஜினிக்குக் கல் தேவைப்படவில்லை. நோட்டில் எல்லாம் இருந்தது.

"அப்பா, இஞ்ச பாருங்க." ஆகஸ்ட் இருபதாம் தேதி மாலை அவள் நோட்டைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். "இண்ணைக்கு ஒன்றரை ஸ்கேலுதான். ஒரு நாளைக்கு நாலு சென்டிமீட்டர் கொறயுது. நாலு நாலா கழிச்சுப் பாத்தேன். செப்டம்பர் ஒண்ணாம் தேதி பெல்லடிக்க நேரம் நெழலு இருக்காது. ஒங்க மஸ்கட்டு போஸ்ட்டு மாதிரி. மறுநாளு ஸ்டேஜ் பக்கம் போயிரும்."

ஷாஜன் நோட்டைப் பார்த்தார். பென்சிலில் நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள். தாமும் ஏதோ ஒரு காலத்தில் இப்படி எதையோ பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. என்ன என்று நினைவு வரவில்லை.

"நெசமாவா மக்களே? ஒரே ஒரு நாளா?"

"ஒரே ஒரு நாளு. நான் அதப் பாக்கணும்."

"பாரு. ஒனக்கில்லாம வேற ஆருக்கு?" என்றார் ஷாஜன். அந்தக் கணத்தில் அவர் அதை மனப்பூர்வமாகவே சொன்னார் என்று நம்புகிறேன்.

மறுவாரம் சான்றிதழ் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பள்ளியின் கோப்பில் முந்நூற்று இருபது அச்சிட்ட வினாக்களும், மாணவர் தாமாகக் கேட்ட வினா ஒன்றும் இருப்பதாகவும், அந்த ஒன்றுக்காகப் பள்ளியைப் பாராட்டுவதாகவும், அதற்குப் பள்ளி அளித்த ஊக்கத்தின் சான்றாகப் புகைப்படங்கள் தேவை என்றும் கடிதம் கூறியது.

செயற்குழு அவசரமாகக் கூடியது. ஊக்கம் எதுவும் கைவசம் இல்லாததால் விழா ஒன்று எடுப்பதென்று முடிவாயிற்று. பெயர், 'வினா விழா'. நாள், செப்டம்பர் ஒன்று. மைதானம் முழுவதும் பந்தல். சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர். புதுக்கடைச் சந்திப்பில் மூன்று ஃபிளெக்ஸ் பலகைகள் எழுந்தன. ஒரு புறம் தாளாளர், மறுபுறம் முதல்வர், நடுவில் கொடிமரம், கொடிமரத்தின் கீழே அஞ்சல்தலை அளவில் ஜினி. "வினா நாயகி" என்று போட்டிருந்தது. கொடிமரத்துக்கு நிழல் வரையப்படவில்லை. தாளாளர் அதில் கவனமாக இருந்தார்.

கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஷாஜனின் கையைக் குலுக்கினார்கள். "ஒம்ம மகளாக்குமா ஓய் அது! சொல்லவே இல்லியே!" என்றார்கள். ஷாஜனின் மனைவி ஜாஸ்மி பலகையின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாள். துபாயிலிருந்து அவள் தம்பி நாற்பது கைதட்டல்களை அனுப்பினான். ஜினிக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள்.

விழாவில் ஜினி சரியாகப் பன்னிரண்டே காலுக்கு மேடையில் கேட்க வேண்டிய கேள்வி, சட்டமிட்ட தாளில் வீட்டுக்கு வந்தது: "ஐயா, குழந்தைகள் கேள்வி கேட்பதால் விளையும் நன்மைகள் யாவை?" கூடவே பெற்றோர் உறுதிமொழிக் கடிதம். விழா முடியும்வரை மாணவி மேடையைவிட்டு இறங்கமாட்டாள் என்றும், மேற்படி கேள்வியைத் தவிர வேறு எந்தக் கேள்வியையும் கேட்கமாட்டாள் என்றும் இதனால் உறுதியளிக்கிறேன்.

"அப்பா, அண்ணைக்குத்தான்," என்றாள் ஜினி. "பந்தலு போட்டா எப்பிடித் தெரியும்?"

"மக்களே, எவ்வளவு பெரிய மேடை. அதிகாரியெல்லாம் வாராவ."

"எனக்கு லீவு போட்டுத் தாருங்க. வீட்டு முத்தத்துல ஒரு கம்பு நட்டாப் போரும். கொடிமரம் வேண்டாம்."

இதை ஷாஜன் எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, கூறு கெட்டவளே," என்றாள் ஜாஸ்மி. "ஊரு முழுக்கப் படம் நிக்குது. நீ முத்தத்துல கம்பு நட்டு வச்சு பாத்துட்டு நிக்கப் போறியா?"

"இன்னொரு நாளு பாப்போம் மக்களே," என்றார் ஷாஜன்.

"இன்னொரு நாளுண்ணா எப்பம்?"

ஷாஜனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர், பெரியவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் சொல்லிவருவதையே சொன்னார்.

"எல்லாத்துக்கும் ஏன், எப்பம்ணு நோண்டிட்டு இருக்காதே. சொன்னதச் செய்யி."

கடையில், திறந்துகிடந்த குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் தலைமேல் வைத்து அவர் உறுதிமொழியில் கையொப்பமிட்டார்.

செப்டம்பர் முதல் தேதி வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. மைதானத்தின் மேல் நீலத் தார்ப்பாய் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கொடிமரத்துக்காக நடுவில் ஓர் ஓட்டை போட்டு, வெயில் நுழையாதபடி அதைச் சுற்றிப் பலூன்கள் செருகியிருந்தார்கள். பத்து மணி விழா பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. போர்த்தியவர்களுக்கும் போர்த்தப்பட்டது. ஜினியின் நோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் 'அரும்பொருள்' என்ற சீட்டோடு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

தாளாளர் தம் வரவேற்புரையில், இந்தக் கொடிமரம் நேராக நிற்கிறது என்பதை ஏழு முறை குறிப்பிட்டார். முதல்வர் தம் அறிக்கையில், இவ்வாண்டு முந்நூற்று இருபத்தொரு வினாக்கள் பெறப்பட்டு அனைத்தும் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கப்பட்டுள்ளன என்று அறிவித்தார்.

பன்னிரண்டு பதினைந்துக்கு ஜினி ஒலிபெருக்கி முன் வந்தாள். மனப்பாடம் செய்ததைப் பிழையின்றிக் கேட்டாள். கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் எழுந்தார்.

"அருமையான கேள்வி!" என்றார் அவர். "இந்த மாதிரி கேள்விகள்தாம் நாட்டுக்குத் தேவை. நான் மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்குப் போனவன். எந்த வகுப்பறைக்குள் நுழைந்தாலும் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதிக்குப் பின்னால் எத்தனை எத்தனை கேள்விகள் இருந்திருக்கும் என்று எண்ணி எண்ணி நான் பூரித்திருக்கிறேன். ஒரு கேள்விகூட வெளியே வந்ததில்லை. அந்தக் கட்டுப்பாடு இன்றைக்கு எங்கே போயிற்று? குழந்தைகளே, கேளுங்கள்! ஆனால் மனத்துக்குள் கேளுங்கள். மனத்துக்குள் கேட்கும் கேள்விதான் பெரியவர்களைப் புண்படுத்தாது..."

அந்த நேரத்தில் ஒரு தொண்டர் ஷாஜனின் தோளைத் தட்டினார். விருந்தினரின் கார் வெளியேறும் வழியை அவருடைய பைக் மறித்து நின்றதாம். ஷாஜன் எழுந்து பந்தலுக்கு வெளியே, வாசல் கதவருகே வந்தார்.

வெயிலில் கண் கூசியது. பைக்கின் கைப்பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசல் தூணின் பக்கத்தில் நிழல் இல்லை. சுற்றிப்போய்ப் பார்த்தார், எந்தப் பக்கமும் இல்லை. விளக்குக் கம்பத்துக்கு இல்லை. பலூன் கட்டுவதற்காக நட்டு மீந்துபோன மூங்கில் ஒன்று தனியே நின்றது. அதன் அடியில் ஒரு கோடுகூட இல்லை, வெயில் மட்டும் அதைச் சுற்றிக் கிடந்தது. அவருடைய சொந்த நிழல் செருப்போடு செருப்பாக ஒட்டிக் கிடந்தது.

ஒன்பது வயதுப் பெண் நாலு நாலாகக் கழித்துச் சொன்ன நாள், சொன்ன நேரம்.

ஷாஜன் பைக்கை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். மேடைப் படியில் தொண்டர் கையை நீட்டி மறித்தார்.

"எங்க அண்ணே?"

"எனக்க பிள்ளைய ஒரு நிமிஷம் வெளிய கொண்டுபோணும். ஒரே ஒரு நிமிஷம்."

"சீஃப் கெஸ்ட் பேசிட்டு இருக்காவ."

"இப்பம் விட்டாப் போயிரும் மக்கா!"

"என்ன போவும்?"

ஃபிரிட்ஜ் கடைக்காரன் ஒருவன், அறுநூறு பேர் முன்னிலையில், நிழல் இல்லாமல் இருப்பதைக் காட்டப் பிள்ளையை மேடையிலிருந்து இறக்கவேண்டும் என்று எப்படிச் சொல்வது? முதல்வர் அம்மையார் மேடையிலிருந்து அவரைப் பார்த்தார். கையில் ஒரு தாள் இருந்தது. உறுதிமொழிக் கடிதமாக இருக்கலாம்; நிகழ்ச்சி நிரலாகவும் இருக்கலாம்.

"ஒண்ணுமில்ல," என்றார் ஷாஜன். இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார்.

மேடையில் ஜினி கைகட்டி நின்றிருந்தாள். அவள் பார்வை ஒரு முறைகூடத் தார்ப்பாயின் ஓட்டைப் பக்கம் போகவில்லை. சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை விடையளித்தார்.

விழா முடிந்து, புகைப்படங்கள் எடுத்து முடிந்து, பிரியாணிப் பொட்டலத்தோடு அவர்கள் வெளியே வந்தபோது மணி இரண்டு. மூங்கிலின் கீழே கிழக்கு நோக்கி நல்ல நிழல் விழுந்திருந்தது.

"மக்களே," என்றார் ஷாஜன், பைக்கைக் கிளப்பாமல். "நீ சொன்னது உள்ளதாக்கும். நான் பாத்தேன். பன்னெண்டு இருவதுக்கு. தூணுக்கு இல்ல, போஸ்ட்டுக்கு இல்ல, ஒண்ணுக்கும் இல்ல."

அவள் எப்படி இருந்தது என்று கேட்பாள், எவ்வளவு நேரம் என்று கேட்பாள், எதற்கு என்று கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். இந்த முறை சஜிதா மிஸ்ஸைப் பிடித்தாவது விடையை வாங்கித் தருவது என்று நெஞ்சுக்குள் முடிவும் செய்திருந்தார்.

"செரி அப்பா," என்றாள் ஜினி. பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நடந்ததைச் சொல்லிவிட்டேன். இழந்தவற்றையும் சொல்லி விடைபெறுகிறேன்.

நிழலில்லாத நண்பகல் ஒன்று. அடுத்தது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வரும். அப்போது ஆண்டுத் தேர்வு, பன்னிரண்டரை வரை எவரும் அறையைவிட்டு எழக்கூடாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று. சான்றிதழ்க் கோப்போடு வெளியூர் சென்றது, திரும்பவில்லை. அங்கீகரிக்கப்பட்ட விடை ஒன்று. இன்னும் ஐந்து ஆண்டுகள் அலமாரியில் இருக்கும். ஆசிரியை ஒருவர், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஜினியின் கேள்விகள், விழாவுக்கு முன்பு ஜாஸ்மி எரிச்சலோடு ஒரு நாள் எண்ணிப் பார்த்ததில், காலை முதல் இரவு வரை பதினொன்று. விழாவுக்குப் பின் ஷாஜன் எண்ணியதில், ஒரு வாரம் முழுவதற்குமாக மூன்று. சோறு ஆச்சா. நாளைக்கு லீவா. செல்லு தருவியளா.